கம்பியோடு சாலையில் அனுப்பாதீர்கள்

மதுரையில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

கைக்குத் தட்டுப்படாத கட்டியை, மார்பகத்தை அகற்றாமல் எடுக்க வேண்டுமானால், அது இருக்கும் இடத்தை முதலில் குறித்தாக வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குறிக்கும் வேலை எங்கே, எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியே இந்த மடல். அண்மையில் என் அக்காவுக்கு உங்களில் ஒருவருடைய மருத்துவமனையில் அறுவை நடந்தது. பெயரைச் சொல்லிப் பழி போடுவது என் நோக்கமன்று. அங்கே எங்களோடு காத்திருந்த பெண்கள் வேறு இடங்களிலும் இதே வழக்கம்தான் என்றார்கள்.

அக்காவுக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் மட்டுமே தெரிந்தன. பயாப்சியில் புற்றுநோய் உறுதியானது. அறுவை நாளன்று காலை, முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத நிலையில், வெளியே ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய், இடத்தைக் குறிக்கும் வயர் வைத்துக்கொண்டு வரும்படி சீட்டு எழுதித் தந்தார்கள். மேமோகிராம் கருவியின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பு அழுந்தியிருக்க, அசையாமல் உட்காரவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, நுனியில் கொக்கி வைத்த மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீதிக் கம்பியைச் சுருட்டி, பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டி, கையைத் தூக்கினால் கம்பி நகர்ந்துவிடும் என்று எச்சரித்து வாசலுக்கு அனுப்பினார்கள். ஜாக்கெட் போட முடியவில்லை. அத்தானின் சட்டையை மாட்டி, அதன்மேல் புடவைத் தலைப்பைப் போர்த்தி, ஆட்டோவில் ஏற்றி வைகைப் பாலத்தைக் கடந்து அழைத்து வந்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அக்கா உள்ளங்கையால் மார்பைத் தாங்கிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். "நகர்ந்திருக்குமோ" என்பதுதான் பதிலாக வந்தது.

வந்து சேர்ந்தபோது அரங்கில் வேறொரு அவசர அறுவை நடந்துகொண்டிருந்தது. பிற்பகல் வரை அதே கம்பியோடு வராந்தாவில் காத்திருந்தோம். அறுவை தொடங்கிய பின்னும் அலைச்சல் முடியவில்லை. எடுத்த சதைத் துண்டுக்குள் துகள்கள் முழுவதும் வந்துவிட்டனவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வசதியும் உள்ளே இல்லை. மூடி போட்ட ஒரு டப்பாவை அத்தான் கையில் கொடுத்து அதே ஸ்கேன் சென்டருக்குப் போகச் சொன்னார்கள். மனைவி மயக்கத்தில் மேசைமேல் கிடக்க, அவருடைய உடலின் ஒரு பகுதியைப் பையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் கோரிப்பாளையம் சிக்னலில் வண்டியோடு நின்றிருக்கிறார். இதை உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்பாடு செய்வீர்களா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அறுவை செய்த மருத்துவர்மீது எனக்குக் குறையில்லை. கிடைத்ததை வைத்து அவர் பொறுமையாகவும் திறமையாகவும் செய்தார். அவருக்குக் கிடைக்க வேண்டியதைக் கொடுக்காதது நிர்வாகம். எனவே கேட்கிறேன்: கம்பி வைப்பதும், அறுவையும், எடுத்த துண்டை எக்ஸ்ரே பார்ப்பதும் ஒரே கட்டடத்துக்குள் நடக்க வேண்டும்.

ஒவ்வோர் அக்டோபரிலும் இளஞ்சிவப்பு விளக்குப் போட்டு, நடைப்பயணம் நடத்தி, சீக்கிரம் பரிசோதனைக்கு வாருங்கள் என்று பெண்களை அழைக்கிறீர்கள். நல்ல காரியம், அந்த அழைப்பைக் கேட்டுத்தான் அக்காவும் போனார். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் அகப்படுவது கைக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய கட்டிதானே? அதைக் குறித்து எடுக்க ஏற்பாடு இல்லாமல் அழைப்பது எப்படி நியாயமாகும்? இந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு, எங்களோடு காத்திருந்த ஓர் அம்மா, "எதுக்கு வம்பு, முழுசாவே எடுத்துடச் சொல்லிடுறேன்" என்றார். இத்தாலியின் மிலான் நகரில் 701 பெண்களிடமும் வட அமெரிக்காவில் 1,851 பெண்களிடமும் நடந்த ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இலேயே வெளிவந்துவிட்டன. கட்டியுள்ள பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் மார்பகத்தையே அகற்றிக்கொண்டவர்களுக்கும் ஆயுளில் வேறுபாடில்லை என்பது அவற்றின் முடிவு. அப்படியிருக்க, ஆட்டோவுக்கும் வராந்தாவுக்கும் பயந்து ஒரு பெண் தன் மார்பகத்தை இழக்க முன்வருகிறார் என்றால், அந்த முடிவு அவருடையதா, உங்களுடையதா?

கம்பிக்குப் பதிலாக, அறுவைக்குப் பல நாள் முன்பே உள்ளே வைத்துவிடக்கூடிய காந்த விதைகள் எனப்படும் சிறு உலோகத் துணுக்குகள் வந்துவிட்டன. கருவியைத் தோல்மேல் வைத்தால் இடத்தைக் காட்டுகின்றன. விலை அதிகம் என்பது புரிகிறது. அதை நாளைக்கே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அல்ட்ராசவுண்டில் தெரியும் கட்டிக்கு, அரங்கிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்து எடுக்கலாம். பலருக்குக் கம்பியே தேவைப்படாது. முதலில் கீமோ கொடுக்கும்போது கட்டி கரைந்து மறைந்துபோகலாம் என்பதால், கீமோ தொடங்குமுன்பே சிறிய உலோகக் கிளிப் ஒன்றை அங்கே வைத்துவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, மறக்காமல் செய்தால் போதும். அக்காவைப் போல மேமோகிராமில் மட்டும் தெரிபவர்களுக்குக் கம்பிதான் வழி என்றால், அதை உங்கள் கட்டடத்திலேயே வையுங்கள். கருவி இல்லையென்றால், வாங்கும்வரை இவர்களை அன்றைய முதல் அறுவையாக எடுத்துக்கொண்டு, கம்பி வைத்த இடத்திலிருந்து ஆம்புலன்ஸில் படுக்கவைத்து, உடன் ஒரு செவிலியரோடு அழைத்து வாருங்கள். எடுத்த துண்டை உங்கள் ஊழியர் கொண்டுபோகட்டும், கணவர் அல்லர்.

கோபத்தில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோரிக்கையை மட்டும் குறைத்துக்கொள்ள மாட்டேன். உடலுக்குள் கம்பியோடு எந்தப் பெண்ணையும் சாலையில் அனுப்பாதீர்கள். உங்கள் மருத்துவமனையில் இந்த மாற்றம் எந்த மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
ஒரு நோயாளியின் தங்கை,
திருமங்கலம்.