கமலாவுக்கு: உன் இல்லத்தின் தொற்றுக்காலத் திட்டம் பற்றி

அன்புள்ள கமலா,

ஈசூன் முதியோர் இல்லத்தின் பொறுப்பு உன்னிடம் வந்ததில் ரொம்ப சந்தோஷம். வரைவைப் படித்தேன். பொருட்களுக்கு ஆறு பக்கம், ஆட்களுக்கு அரைப் பக்கம்! அதை அப்படியே திருப்பிப் போடு. பொருள் தட்டுப்பாட்டைக் காசும் கிடங்கும் ஓரளவு சமாளிக்கும். ஆள் தட்டுப்பாடு, தொற்றைத் தடுக்க நாம் செய்யும் ஏற்பாட்டாலேயே கூடுகிறது.

கொவிட் வந்த 2020ஐ நினைத்துப் பார். மார்ச் 18ஆம் தேதி மலேசிய நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோன ஊழியர்கள் ஒன்று இங்கே சிங்கப்பூரில் தங்க வேண்டும், இல்லை வேலைக்கு வர முடியாது. ஏப்ரல் தொடக்கத்தில் வருகையாளர்களை நிறுத்தினார்கள். மதியம் வந்து அம்மாவுக்குச் சோறூட்டும் மகளும் நின்றுபோனாள். அந்த வேலை தாதியர் தலையில் விழுந்தது. பிறகு, வெளியே குடியிருந்த ஊழியர்களை இல்லத்திலோ ஹோட்டலிலோ தங்கவைத்தார்கள். எல்லாம் தேவையான முடிவுகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ரோஸ்டரில், அதாவது ஊழியர் வேலை அட்டவணையில், கைவைத்தது.

கணக்காகவே சொல்கிறேன். 30 படுக்கை வார்டு, எட்டு மணி ஷிஃப்டில் காலை 5, மாலை 4, இரவு 2 பேர் என்று வைத்துக்கொள். தொற்று பரவாமல் இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி ஊழியர் மறு பகுதிக்குப் போகக்கூடாது என்றதும் இரவில் பகுதிக்கு ஒருவர்தான். படுத்த படுக்கையானவரைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டுமே! அதனால் இரவுக்கு 4 பேர், பகலுக்கு 6 பேர் என்று 12 மணி ஷிஃப்டுக்கு மாறு. நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்றால் 15 பேர் தேவை. மாதம் 20 ஷிஃப்ட், 240 மணி. வாரம் 44 மணி கணக்கில் 189 போக, ஓவர்டைம் ஏறக்குறைய 51. வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேர விதிகளுக்குள் வருபவர்களுக்கு மாத வரம்பு 72 மணி. ஐந்து நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று இறுக்கினால் ஓவர்டைம் 111ஐத் தொடும். சட்டம் இருக்கட்டும், களைத்தவர்தான் பாதுகாப்பு மேலங்கியைக் கழற்றும்போது தவறு செய்வார்.

15 பேரில் 3 பேர் தனிமைப்படுத்தப்பட்டால் நாளுக்குப் பத்து இடங்களில் எட்டைத்தான் நிரப்ப முடியும். அன்றைக்கு எதை விடுவது என்பதை இன்றே எழுதி, மருத்துவரிடம் ஒப்புதல் வாங்கி வை. தினக் குளியலை ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு துடைப்பதாக்கலாம். நாலு வேளை மருந்தில் சிலவற்றை இரண்டு வேளையாக்க முடியுமா என்று மருந்தாளரைக் கேள், தாதியே முடிவெடுக்கக்கூடாது. திருப்பிப் படுக்கவைப்பது, டயப்பர் மாற்றுவது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டுவது, இவற்றில் கைவைக்காதே. 12 பேருக்கு ஊட்ட 3 பேர், ஆளுக்கு 25 நிமிடம் என்றால் ஒரு வேளைக்கு 100 நிமிடம். சமையலறையிடம் சொல்லித் தட்டுகளை இரண்டு தவணையாக வரவழை. அவசரமாக ஊட்டினால் புரையேறி நிமோனியாவில் முடியும்.

இனிப் பொருட்கள். கையுறைப் பெட்டியில் 100 என்றால் 50 ஜோடி. உன் பட்டியலில் 100 ஜோடி என்று போட்டிருக்கிறாய். தொற்றுள்ள 10 பேருக்கு நாளுக்கு 5 முறை டயப்பர், ஒவ்வொரு முறையும் இரண்டு ஊழியர் என்றால் அதற்கு மட்டுமே நாளுக்கு 2 பெட்டி. கையுறையை ஆளுக்கு ஆள் மாற்றியே ஆகவேண்டும், இடையில் கைசுத்தமும். மேலங்கி அப்படியல்ல. ஒவ்வொரு தொடர்புக்கும் மாற்றினால் நாளுக்கு 100 போகும். அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அதே தொற்று என்றால், ஓய்வுக்கு வெளியே வரும்போதும் அழுக்கானபோதும் மட்டும் மாற்றி 25க்குள் அடக்கலாம். எம்ஆர்எஸ்ஏ என்ற மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமியோ வயிற்றுப்போக்கோ உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கனம் ஆகாது.

என்95 முகக்கவசத்தில் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, முகத்தில் பொருந்துவதில். பொருத்தச் சோதனை செய்த மாடல் தீர்ந்து வேறு மாடல் வந்தால் மறுபடி சோதிக்கவேண்டும். கிடங்கில் ஆயிரம் இருந்தும் இரவு ஷிஃப்டில் ஒருவருக்கும் பொருந்தவில்லை என்றால் என்ன பயன்? ஊழியர் பெயருக்கு நேரே மாடலையும் அளவையும் எழுதிவை.

டயப்பரை மறந்துவிட்டாய். 30 பேருக்கு 5 வீதம் 14 நாளைக்கு 2,100. இடத்தை அடைக்கும் சரக்கு. அவசர வெளியேறும் வழியில் மட்டும் அடுக்கவிடாதே. கிருமிநாசினி தீர்ந்தால் 5 விழுக்காட்டு பிளீச் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் போதும். தினமும் புதிதாகக் கலக்கவேண்டும்.

ஒன்று கேட்கவேண்டும்: உன் வார்டில் தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் எத்தனை பேர்? பகுதி பிரிக்கும்போது தமிழ் தெரிந்த ஊழியர் எல்லோரும் ஒரே பக்கம் போய்விடுவார்கள். மறதிநோய் உள்ள பாட்டிக்கு முகக்கவசம் போட்ட அந்நியர் வந்தாலே பயம். மொழியும் புரியாவிட்டால் கையைத் தட்டிவிடுவார், இரண்டு பேர் வேலை மூன்று பேர் வேலையாகும். "வலிக்குதா?", "திரும்பிப் படுங்க பாட்டி", "இன்னும் ஒரு வாய்" என்று பத்து வாக்கியங்களை மியன்மார், பிலிப்பீன்ஸ் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிக்கொடு. மலாய், ஹொக்கியனுக்கும் அப்படியே.

ரோஸ்டரைத் திருத்தியதும் அனுப்பு, முதலில் இரவு ஷிஃப்டைத்தான் பார்ப்பேன். தீபாவளிக்கு முன் தேக்காவில் சந்திக்க ஒரு சனிக்கிழமை சொல்.

அன்புடன்,
ராஜி