மாப்ளைக்கு: இத்தாலியில 'பார்' எப்பத் திறந்திருக்கும்னா

ப்ரேஷா, இத்தாலி
ஜூன் 22

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்க நலம். அங்க நீங்க, தங்கச்சி, குட்டி, அப்பாரு எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். விசா கைக்கு வந்துருச்சு, ஜூலைக் கடைசியில டிக்கெட் போடறோம்னு தங்கச்சி சொன்னா. அந்தத் தேதியக் கேட்டதுமே இதை எழுதோணும்னு பட்டுது. வீடு, சம்பளம், பஸ் எல்லாம் போன்ல பேசிக்கலாம். ஆனா ஒரு வாய் காப்பிக்கு ஒதுங்கற கடை எப்பத் திறந்திருக்கும், எப்பச் சாத்தியிருக்கும்ங்கறதைப் போன்ல சொல்லி முடியாது. இதை மடிச்சு பாஸ்போர்ட்டோட வெச்சுக்குங்க.

மொதல்ல 'பார்'ங்கற வார்த்தை. இங்க பார்னா நம்மூர் டாஸ்மாக் பக்கத்துல இருக்கற பார் இல்லீங்க. அவினாசி ரோட்ல நம்ம பேக்கரி செய்யற வேலையத்தான் இங்க பார் செய்யுது. வெடியால காப்பியும் பிரியோஷ்ங்கற இனிப்பு ரொட்டியும், மத்தியானம் சாண்ட்விச், பொழுதோட ஆறு மணிக்கு மேல ஒயினும் கொறிக்கறதுக்கு ஏதாவதும். அதனால வீட்ல பார்னு சொன்னா அப்பாரு மொகம் சுளிக்க வேண்டியதில்ல, எடுத்துச் சொல்லுங்க.

நம்ம பேக்கரி நாலரைக்குப் பால் காய்ச்சும், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் பாய்லர் அணையாது. மாஸ்டர் ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் வந்து டீ ஆத்துவாரு. அந்தப் பழக்கத்த நம்பி இங்க கெளம்பக் கூடாதுங்க. இங்க தெரு மொனையில இருக்கற பார், பெரும்பாலும் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர், மிஞ்சினா ஒரு பையன். கணக்குப் போட்டுப் பாருங்க. வெடியால 6 மணியில இருந்து ராத்திரி 8 வரைக்கும் 14 மணி நேரம். வாரத்துல ஆறு நாள்னா 84 மணி. இந்தத் தொழில்ல ஆளு வெச்சா ஒரு ஆளுக்கு வாரம் 40 மணிதான் கணக்கு. அப்ப ரெண்டு ஆளு முழுசா நின்னாத்தான் சரிக்கட்டும். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா, கொழந்தைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகோணும்னா, அன்னிக்கு மத்தியானம் கடை கிடையாது. ஜூன் தொடக்கத்துல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் பள்ளிக்கூடம் லீவு. அந்த மூணு மாசமும் வீட்டம்மாவோட நேரம் மாறும், கூடவே கடை நேரமும் மாறும். இவங்க சோம்பேறிக இல்லீங்க மாப்ள. மாத்தி நிக்க ஆளில்லாத பொழப்பு.

சட்டமும் ஒரு காரணம். முந்தியெல்லாம் நகராட்சி ஒரு வரம்பு வெச்சிருந்துச்சு, வாரம் ஒரு நாள் லீவு விட்டே ஆகோணும். 2012 ஜனவரியில இருந்து நாடு முழுக்க அதை எடுத்துட்டாங்க; கடைக்காரர் வெச்சதுதான் நேரம். அதனால பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு பாருக்கு ரெண்டு விதமா இருக்கும். மருந்துக்கடை அப்படியில்ல. எந்த மருந்துக்கடை இன்னிக்கு ராத்திரிக்குத் திறந்திருக்கும்னு முறை வெச்சிருப்பாங்க, சாத்தின கடைக் கதவுலயே அந்த விவரம் இருக்கும். பாருக்கு அந்த முறை எதுவும் இல்ல.

அப்ப எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது? அங்க காப்பி குடிக்கறவங்க யாருன்னு பாருங்க. அதுலயே முக்காவாசி வெளங்கிரும். நம்ம பனியன் கம்பெனிச் சந்துல இருக்கற டீக்கடை ஷிப்ட் மணிய வெச்சுத்தான் பால் காய்ச்சும், ஞாயித்துக்கிழமை அந்தச் சந்துல ஈ காக்கா இருக்காது, இல்லீங்களா? அதே மாதிரிதான். நீங்க வேலைக்குப் போற தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் 6–14, 14–22, 22–6. அங்கத்த பார் அஞ்சு மணிக்கே வெளக்குப் போட்டிரும், ஏன்னா ஆறு மணி ஷிப்டுக்காரனும் ராத்திரி ஷிப்ட் முடிச்சவனும் ஒண்ணா வந்து நிப்பாங்க. மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட் மாறினதும் பாதி வியாபாரம் முடிஞ்சுது. மூணு மணிக்குச் சாத்திருவாங்க. சனி, ஞாயிறு திறக்கவே மாட்டாங்க. ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு வெளிய வந்து அங்க காப்பி தேடாதீங்க.

சந்தை கூடற இடத்துப் பார் வேற மாதிரி. ஈரோட்ல திங்கக்கெழமை ராத்திரி ஜவுளிச் சந்தைக்கு டீக்கடை முழிச்சிருக்கறாட்டம், சந்தை நாள்ல இவங்க சீக்கிரமே திறந்துருவாங்க. வார லீவ அடுத்த நாளுக்குத் தள்ளிருவாங்க. சர்ச்சுக்கு எதுத்தாப்ல இருக்கறது ஞாயித்துக்கிழமை வெடியால பூசை முடியற நேரத்துக்குக் கூட்டமா இருக்கும், ஒரு மணியோட சரி. பேஸ்ட்ரி கடைக ஞாயிறு திறந்துட்டுத் திங்கள்ல சாத்தும். டிவி வெச்ச பார், ராத்திரி 8.45 பந்தாட்டம் இருந்தா ஆட்டம் முடியற வரைக்கும் போகும். வெளிய மேசை போட்டுப் பொழைக்கற கடை மழை வந்தா சீக்கிரமே கட்டிரும். ரயில்வே ஸ்டேசன், பெரிய ஆஸ்பத்திரி, நெடுஞ்சாலையோரக் கடை, இந்த மூணுதான் ஓரளவுக்கு எந்த நாளும் நம்பலாம். ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கற பாருக்கு நோயாளியாத்தான் போகோணும்னு இல்ல, யாரு வேணாலும் போகலாம்.

இனி ஆகஸ்ட். நீங்க எறங்கற நாளே அதனாலதான் எனக்குக் கவலை. தீபாவளி வாரத்துல திருப்பூர் எப்படிக் காலியாகுது, மெஸ்ஸு சாத்தி, டீக்கடை சாத்தி, பஸ் ஸ்டாண்டு மட்டும் நெறஞ்சு நிக்கும்ல, இங்க அது ரெண்டு மூணு வாரத்துக்கு. ஆகஸ்ட் 15 இவங்களுக்கு ஃபெர்ரகோஸ்தோ. ரோம ராஜா அகஸ்டஸ் காலத்துல இருந்து வர்ற நோம்பி. அதுக்கு முன்னும் பின்னும் கம்பெனிக மொத்தமா சாத்தும். கம்பெனி சாத்தினா அங்கத்த பாரும் சாத்தும். கதவுல 'கியூசோ பெர் ஃபெரியே'ன்னு ஒரு தாள் ஒட்டியிருக்கும், லீவுக்குச் சாத்தியிருக்குன்னு அர்த்தம். அதுக்குக் கீழ 'தல் 4 அல் 24'னு இருந்தா 4ல இருந்து 24 வரைக்கும். இதுலதான் நெறயப் பேர் ஏமாறுவாங்க. 24ம் தேதியும் பெரும்பாலும் பூட்டுதான்; 'கொம்ப்ரேசோ'ன்னு சேத்து எழுதியிருந்தா அந்த நாளும் சேத்தின்னு உறுதி. 'ரியாப்ரியாமோ'ன்னு போட்டு ஒரு தேதி இருந்தா அன்னிக்குத் திறக்கறாங்கன்னு அர்த்தம். அந்தத் தேதி திங்கக்கெழமையா இருந்து, அந்தக் கடையோட வார லீவும் திங்களா இருந்தா, செவ்வாய்க்கெழமை போங்க.

ஆகஸ்ட்லயும் திறந்திருக்கறது பெரும்பாலும் சீனக் குடும்பங்க வாங்கி நடத்தற பார்கதான். வடக்கு இத்தாலியில இது நெறய. காப்பி அதே மெஷின், அதே கொட்டை, வெலையும் அதேதான், ஒண்ணேகால் யூரோவ ஒட்டி. வீட்டுக்குப் பக்கத்துல அப்படி ஒண்ணு எங்கன்னு வந்த மொத நாளே பாத்து வெச்சுக்கோணும்.

ஊர் நோம்பியும் ஞாபகம் வெக்கோணும். நம்ம மாரியம்மன் நோம்பி ஊருக்கு ஊரு தேதி மாறுமே, அந்த மாதிரி இங்க ஊருக்கு ஒரு புனிதர். ப்ரேஷாவுக்கு பிப்ரவரி 15, மிலானுக்கு டிசம்பர் 7. பக்கத்து ஊருல வேல நடக்கும், இங்க கடை சாத்தியிருக்கும். அரசு விடுமுறை செவ்வாயிலயோ வியாழன்லயோ வந்தா நடுவுல நிக்கற ஒரு நாளையும் சேத்து லீவு விட்டுருவாங்க. அதுக்கு 'பொந்தே'ன்னு பேரு, பாலம்னு அர்த்தம்.

போர்டு படிக்கறது சுளுவுதான், ஒரு எடம் தவிர. நேரம் 24 மணிக் கணக்குல இருக்கும்: 6.00–19.30ன்னா பொழுதோட ஏழரை. 'லூன்' திங்கள், 'மார்' செவ்வாய், 'மேர்' புதன். மாருக்கும் மேருக்கும் ஒரே எழுத்துத்தான் வித்தியாசம், நின்னு படிங்க. நடுவுல ரெண்டு நேரம் பிரிச்சுப் போட்டிருந்தா மத்தியானம் சாத்துவாங்க; 'கொந்தினுவாதோ'ன்னு இருந்தா இடைவெளி இல்ல. 'தோர்னோ சூபிதோ'ன்னு கையில எழுதின சீட்டு தொங்குனா இப்ப வந்துர்றேன்னு அர்த்தம். பேங்க்குக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போயிருப்பாங்க. அஞ்சு நிமிசமும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். பத்து நிமிசத்துக்கு மேல நிக்க வேண்டாம். 'லுத்தோ'ன்னு இருந்தா வீட்ல சாவு. அதுக்கு நாள் கணக்குப் போட்டிருக்க மாட்டாங்க.

திறந்தே இருக்கும், ஆனா காப்பி இல்லம்பாங்க. அதுக்குக் காரணம் மெஷின். ரெண்டு ஆளுக்குப் பக்கத்துல பக்கத்துல காப்பி எறக்கற மெஷின் அது. அணைச்சு வெச்சிருந்தா சூடேற அரை மணி பிடிக்கும். 7 கிராம் தூள்ல, 9 பார் (இது அழுத்தத்தை அளக்கற அலகு) அழுத்தத்துல, 25 செகண்டுக்குள்ள 25–30 மில்லி எறங்கோணும். காத்துல ஈரம் மாறினா தூள் அரைபடறதைத் திருத்தி வெக்கோணும், மொத ரெண்டு மூணு காப்பியக் கீழ ஊத்திருவாங்க. அதனால போர்டு 6 மணின்னாலும் நல்ல காப்பி 6.15க்குத்தான்.

சாத்தற நேரத்துலயும் அப்படித்தான், மெஷினைக் கழுவோணும். கைப்பிடியில ஓட்டையில்லாத ஒரு வடிகட்டியப் போட்டு, ஒரு சின்னக் கரண்டி சோப்புத்தூள் வெச்சு, பத்து செகண்டு பம்ப்ப ஓட்டி, பத்து செகண்டு நிறுத்தி, இதே மாதிரி நாலஞ்சு தடவ. பொறவு தூளில்லாம வெறும் தண்ணியில மறுபடியும். ரெண்டு பக்கமும் முடிக்கக் கால் மணி ஆயிரும். அதுக்கப்புறம் காப்பி போட்டா மொதக் காப்பி சோப்பு வாடையடிக்கும், கழுவினதையும் திரும்பக் கழுவோணும். அதனால போர்டுல 19.30ன்னா 19.00க்கு மேல காப்பி கேக்காதீங்க. பாட்டில் தண்ணியோ ஜூஸோ தருவாங்க. நாற்காலிய மேசை மேல கவுத்துட்டாங்கன்னா, ஷட்டர் பாதி எறங்கிருச்சுன்னா, உள்ள வெளக்கு எரிஞ்சாலும் முடிஞ்சுதுன்னு அர்த்தம். குனிஞ்சு நொழையறது மரியாதையில்ல. வெடியால பாதி ஷட்டர்னா அது வேற, ரொட்டி எறக்கறாங்க, பத்து நிமிசத்துல திறப்பாங்க.

காப்பி கெடைக்காட்டி தலைவலிதான், தாங்கிக்கலாம். ஆனா நெறய பார்ல 'T' போட்ட பலகை தொங்கும், அது புகையிலைக் கடை லைசென்ஸ். பஸ் டிக்கெட், போன் ரீசார்ஜ், தங்கறதுக்கான அனுமதிக் காகிதத்துல ஒட்டற 16 யூரோ ஸ்டாம்பு எல்லாம் அங்க வாங்கலாம். ஸ்டாம்புக்கு 'மார்கா த போல்லோ'ன்னு கேளுங்க. இங்க பஸ்ல கண்டக்டர் கெடையாதுங்க. ஞாயிறு பொழுதோட அந்தக் கடை சாத்தியிருந்தா திங்கக்கெழமை வெடியால டிக்கெட் இல்லாம நிப்பீங்க. சனிக்கிழமையே பத்து டிக்கெட் வாங்கி வெச்சுக்குங்க. ஸ்டாம்பும் எறங்கின மொத ரெண்டு நாள்ல வாங்கிருங்க, ஆகஸ்ட் பத்துக்கு மேல தள்ளாதீங்க. அதுக்கு 16 யூரோ ரொக்கமா இருக்கோணும். ஸ்டாம்புக்கும் சிகரெட்டுக்கும் கார்டு வாங்கியே ஆகோணும்ங்கற சட்டம் இந்தக் கடைகளுக்கு இல்ல.

போன் மேப்ல காட்டற நேரத்த அப்படியே நம்ப வேண்டாம். கடை கை மாறியிருக்கும், பழைய ஆள் போட்ட நேரம் அப்படியே நிக்கும். கதவுல 'நுவோவா ஜெஸ்தியோனே'ன்னு இருந்தா புது ஆள் வந்துட்டாங்க, பழைய நேரம் செல்லாது. கடைசியா யாரு, எந்த மாசம் கருத்துப் போட்டிருக்காங்கன்னு பாருங்க. அதைவிட மேல், நம்பருக்குக் கூப்புட்டு 'சியேத்தே அபெர்த்தி?'ன்னு கேளுங்க, திறந்திருக்கீங்களான்னு அர்த்தம். 'ஃபீனோ ஆ கே ஓரா?'ன்னா எத்தனை மணி வரைக்கும். தினம் போற கடைன்னா வெள்ளிக்கிழமை காசு குடுக்கறப்பவே 'தொமானி அபெர்த்தோ?'ன்னு கேட்டுட்டு வந்துருங்க, நாளைக்கு உண்டான்னு சொல்லிருவாங்க. ரெண்டு வாரத்துல உங்க மொகம் பழகிரும், அப்பறம் அவங்களே லீவு தேதியச் சொல்லுவாங்க.

வீட்ல மோக்கா ஒண்ணு இருக்கோணும், அடுப்புல வெச்சுக் காப்பி எறக்கற பாத்திரம் அது. மூணு கப்பு அளவு போதும். கீழ்ப்பாத்திரத்துல வால்வு மட்டத்துக்குத் தண்ணி, மேல கூம்புல தூள் நெரவி, நம்ம பில்டர்ல அமுக்கறாட்டம் அமுக்கக் கூடாது, அமுக்கினா தண்ணி ஏறாம வால்வு வழியா ஆவி சீறும். அடுப்பு சிறு தீயில. சலசலன்னு சத்தம் வந்ததும் எறக்கிருங்க, விட்டா கசக்கும். பாலு தனியாக் காய்ச்சி ஊத்திக்கலாம். டீ வேணும்னா தூள் ரெண்டு கிலோ பெட்டியில போட்டு எடுத்துட்டு வாங்க. இங்க பார்ல டீன்னா வெந்நியும் ஒரு பையும் எலுமிச்சைத் துண்டும்தான்.

பிளைட் எந்தக் கெழம, எத்தன மணிக்கு எறங்குதுன்னு தங்கச்சிய விட்டு எழுதச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமையா இருந்தா ஸ்டேசன் பார்ல நிக்கறேன். வார நாளா இருந்தா வீட்டு மொனையிலயே பாக்கலாம். ஆகஸ்ட் 2 வரைக்கும் அந்தக் கடை திறந்திருக்கும்னு நேத்துக் கேட்டு வெச்சிருக்கேன்.

அன்புடன்,
உங்க மச்சான்