உறக்க மாத்திரை கேட்ட நண்பனுக்கு

மார்த்தாண்டம்,
ஆடி முதல் வாரம்.

அன்புள்ள ஜாண்றோஸுக்கு,

தாம்பரத்திலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் ஒன்றே முக்கால் பக்கம் பேரன் புராணம். கடைசியில் போகிற போக்கில், 'ராத்திரி உறக்கமே இல்லைடே, நல்ல மாத்திரையாகப் பார்த்து ஒரு பேர் எழுதி அனுப்பு' என்று முடித்திருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். போனில் சொன்னால் பாதியிலேயே 'சரி சரி' என்று வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டாம் தடவை எடுத்துப் படிக்கவாவது செய்வாய்.

முதலில் ஊர் சமாச்சாரம். மழை விட்டபாடில்லை. திற்பரப்பில் குளிக்க விடவில்லை, குழித்துறை ஆறு கலங்கிப் போய் ஓடுகிறது. மழைக்குப் பிளாஸ்டிக் கட்டாத ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்று கிடக்கிறது. உன் மரங்களுக்குக் கட்டியாகிவிட்டது, வெட்டு நடக்கிறது. ஷீட் விலையை மட்டும் கேட்காதே. மருந்துக் கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் சாயங்காலம் போய்க் கொஞ்ச நேரம் ஸ்டூலில் இருந்துவிட்டு வருவேன். பழக்கம் விடவில்லை.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். பேரெல்லாம் எனக்கு மனப்பாடம்: அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், ஜோல்பிடம். இவையெல்லாம் மருந்து விதிகளில் 'ஹெச் ஒன்' என்ற பட்டியலில் வருபவை. 2014 மார்ச்சிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பதோடு, வாங்குகிறவர் பேர், எழுதிய டாக்டர் பேர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி, அதை மூன்று வருஷம் பத்திரமாக வைக்கவும் வேண்டும். அந்த ரிஜிஸ்டரை எழுதி எழுதித்தான் எனக்கு ஒரு விஷயம் தெளிந்தது. ஒரே பேர் மாதம் தவறாமல் வரும். முதலில் பாதி மாத்திரை, அப்புறம் முழுசு, அப்புறம் வேறொரு டாக்டர் சீட்டில் கூடுதல் டோஸ். 'உறக்கம் சரியாகிவிட்டது, இனி வேண்டாம்' என்று கடைக்கு வந்து சொன்னவர் ஒருவரும் என் நினைவில் இல்லை.

கொஞ்ச நாளுக்கு மட்டும், ஒரு நெருக்கடியைக் கடக்க டாக்டர் எழுதிக்கொடுத்தால் அது வேறு. நம் வயதில் மாதக்கணக்கில் விழுங்கினால், ராத்திரி மூத்திரம் போக எழும்பும்போது தலை கிறங்கும், கால் தடுமாறும், பாத்ரூம் ஈரத்தில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வோம். பகலில் ஞாபகமும் மந்தமாகும். இதற்குள் யாரிடமாவது வாங்கித் தின்ன ஆரம்பித்திருந்தாயானால், என் கடிதத்தைப் படித்த சூட்டில் பட்டென்று நிறுத்திவிடாதே. திடீரென்று நிறுத்தினால் உறக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சிலர் சளிக்கும் அலர்ஜிக்கும் உள்ள மாத்திரையை உறக்கத்துக்காகப் போடுகிறார்கள். அதுவும் நமக்கு ஆகாது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவனுக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளலாம்.

இனி உன் கணக்கைப் பார்ப்போம். மருமகள் வேலைக்குப் போகிறவள் என்பதால் ஏழரைக்கே சாப்பாடு, எட்டரைக்குப் படுக்கை என்று எழுதியிருக்கிறாய். இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டு கிடக்கிறாய். எண்ணிப் பார்டே. எட்டரைக்குப் படுத்து ஒன்பதுக்குக் கண் அசந்திருந்தாலும் இரண்டரைக்குள் ஐந்தரை மணி நேரம் உறங்கியிருக்கிறாய். உன் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் அதைவிட அதிகம் உறங்கிவிடவில்லை. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்று நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு மரத்தடிக்குப் போய்விடுகிறார். குளச்சலில் கடலுக்குப் போகிறவர்கள், தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர்கள், யாரும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தது என்று வைத்தியம் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அந்த நேரத்தில் வேலை இருக்கிறது. உனக்கு அந்த நேரத்தில் கடிகாரம் மட்டும்தான் இருக்கிறது.

கடையை விட்ட புதிதில் எனக்கும் இதே கதைதான். ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் போட்டவன் திடீரென்று ஒன்பது மணிக்கே படுக்க ஆரம்பித்தால் உடம்பு என்ன செய்யும்? நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசுதான், ஆனால் காது கொடுத்துக் கேட்டார். உறக்கத்துக்கு இரண்டு கயிறு உண்டு என்றார். ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்க் கண்ணை அசத்துவது. இன்னொன்று, வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிற உடம்புக் கடிகாரம். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் நல்ல உறக்கம். பகலில் படுத்துப் படுத்து முதல் கயிற்றைத் தளர்த்திவிட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்து இரண்டாவதையும் குழப்பினால் மாத்திரை எத்தனை நாளைக்கு இழுக்கும்?

அவர் மாத்திரை எழுதவில்லை. ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமாக எப்போது உறங்கினேன், எப்போது எழும்பினேன், பகலில் எவ்வளவு நேரம் கண் அசந்தேன் என்று காலையில் மட்டும் எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு அநியாயமாகப் பட்டது. சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் உறங்குகிறீர்கள், அதனால் இனி ஆறு மணி நேரம்தான் கட்டிலில் இருக்க வேண்டும் என்றார். பதினொன்றுக்குப் படுக்கை, ஐந்துக்கு எழும்ப வேண்டும், ஞாயிறானாலும் பெருநாளானாலும். உறக்கம் வரவில்லை என்று வந்தவனிடம் படுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறாரே என்று வீட்டுக்காரி சிரித்தாள். இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததில்லை. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்கர் 1987-இல் எழுதிய முறை. அமெரிக்காவின் பொது மருத்துவர் சங்கமே 2016-இல், நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரிப் பழக்க மாற்றச் சிகிச்சையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது.

முதல் வாரம் படுபாடு. பத்து மணியைத் தாண்டுவது பெரும்பாடாக இருந்தது. பகலில் கண் சொக்கும். அந்த நாட்களில் பைக்கைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார், நானும் தொடவில்லை. ஆனால் படுத்த உடனே உறக்கம் வர ஆரம்பித்தது. கட்டிலில் கிடக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறக்கமாக ஆனபிறகு, வாரத்துக்குக் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். இப்போது பத்தே காலுக்குப் படுக்கிறேன். ஐந்துக்கு எழும்புவது மட்டும் மாறவில்லை. படுக்கிற நேரம் முன்னே பின்னே ஆனாலும் எழும்புகிற நேரத்தை விட்டுவிடாதே. வலிப்பு உள்ளவர்களுக்கும் வேறு சில நோய் உள்ளவர்களுக்கும் இந்தக் குறைக்கிற முறை ஆகாது, அதனால் நீயாகக் கணக்குப் போட்டு ஆரம்பிக்காமல் ஒரு டாக்டரைப் பார். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் யார் சொன்னாலும் குறைக்காதே.

நடுராத்திரி விழித்தால் என்ன செய்வது என்று கேட்பாய். கட்டிலில் கிடந்து மல்லுக்கட்டாதே, எழும்பி வேறு அறைக்குப் போ. எழும்பி வந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பூட்டுகிற வேலை ஏதாவது செய்ய வேண்டும், கண் சொருகும்போது திரும்பப் போய்ப் படுக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? புளி உடைத்தேன். அடுக்களையில் ஒரு முறம் நிறையத் தோடு களைந்த புளி இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, நாரை உருவி, கத்தியால் கீறிக் கொட்டையைத் தள்ளி, சதையை ஒரு பக்கம், கொட்டையை ஒரு பக்கம். கை பிசுபிசுத்துப் போகும், போனைத் தொட முடியாது, அதுதான் அதன் விசேஷம். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் புளியை உடைக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. இப்போது நான் நன்றாக உறங்குவதில் வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருக்கிறது. உனக்கு தாம்பரத்தில் புளிக்கு எங்கே போவது? பயறு பொறுக்கு, இல்லையென்றால் பேரனின் பழைய பாடப்புத்தகத்தைப் படி. நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி இரண்டே முக்காலுக்கு உன் குட்மார்னிங் வருகிறதே, அதை முதலில் நிறுத்து. சுவர்க் கடிகாரத்தையும் கழற்றி வை.

சாயா விஷயம். நாலரை மணிக் கட்டன் சாயாவை நீ விடமாட்டாய் என்று தெரியும். சாயாவிலும் காப்பியிலும் இருந்து உறக்கத்தைக் கெடுக்கிற காபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போலாகும், வயதானால் இன்னும் இழுக்கும். மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள். சுக்குக் காப்பிதானே என்று சமாதானம் சொல்லாதே, அதில் காப்பித்தூள் விழுந்தால் அதுவும் காப்பிதான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு மத்தியானம் சாய்வதை முழுதாக விடச் சொன்னால் நம் ஊர்க்காரன் எவன் கேட்பான்? மூன்று மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள், அலாரம் வைத்துக்கொண்டு. ராத்திரி ஒரு மடக்கு போட்டால் உறக்கம் வரும் என்று மகனின் நண்பர்கள் சொல்வார்கள். வரும். பின்ராத்திரியில் அதுவே எழுப்பியும் விடும்.

இன்னும் இரண்டு விஷயம், மருந்துக் கடைக்காரனாகச் சொல்கிறேன். உன் பிரஷர் மாத்திரையில் நீர் போகிற மருந்து கலந்திருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்து, அதை ராத்திரி போடுகிறாயானால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். அப்புறம் குறட்டை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி நாட்களில் உன் பக்கத்தில் படுத்தவன் நான், அதனால் இதில் எனக்கு அதிகாரம் உண்டு. குறட்டை நடுவில் நின்று, மூச்சு அடைத்து, திணறி எழும்புகிறாயா என்று மகனை ஒரு ராத்திரி பார்க்கச் சொல். அப்படி இருந்தால் அது மூச்சுத்தடை. உறக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கிவிடும். இரவு முழுக்கக் கருவி மாட்டிச் சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் மூச்சு அடைக்காமல் காற்றைத் தள்ளுகிற கருவி தருவார்கள். உன் பிரஷர் இறங்காமல் நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

உன் வீட்டுக்காரி, எங்கள் மைனி, போய் இன்னும் ஆண்டு திரும்பவில்லை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, நானும் போனில் கேட்கவில்லை. விடியற்காலம் விழிப்பு வருவதோடு, சாப்பாட்டில் ருசி இல்லை, பேரனோடு இருந்தாலும் மனசு ஒட்டவில்லை என்று இருந்தால், அதை உறக்கக் கணக்கில் சேர்த்து மறைக்காதே. அதற்குத் தனியாக மருத்துவம் உண்டு, டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல். என்னிடமும் சொல்லலாம். ஐந்து மணிக்கு நான் எழும்பித்தான் இருப்பேன், அதற்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

காலையில் வெயில் வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் அது முகத்தில் படும்படி அரை மணி நேரம் நட. நான் இங்கே குழித்துறைப் பாலம் வரை போய் வருகிறேன், மழை நாளில் குடையோடு.

ஓணத்துக்கு இங்கே வந்துவிடு. மகனுக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டும் ரயில் ஏறு. கீழ் பெர்த் கேட்டு எடு, மேலே ஏறி விழாதே. தோட்டத்துக் கரம் இந்த வருஷத்துக்குக் கட்டிவிட்டேன், ரசீது என்னிடம் இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கி இன்றைக்கே எழுதத் தொடங்கு. வரும்போது அதையும், நீ போடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்து வா. டாக்டரம்மாவிடம் நான் நேரம் வாங்கி வைக்கிறேன்.

உன்,
சுகுமாரன்