கரைந்த உப்பு எங்கே போயிற்று? – நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புடையீர்,

பெற்றோர்கள் அனைவருக்கும், தாயும் தந்தையும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குச் சென்றிருக்கப் பேரப்பிள்ளைகளை இங்கே வளர்த்துவரும் தாத்தா பாட்டிமார்களுக்கும் என் வணக்கம். இக்கடிதம் சற்றே நீளமானது. வீட்டில் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதிலுள்ளவற்றில் பாதியை அவர்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் நான்காம் வகுப்பில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, உப்பு எங்கே போயிற்று என்று கேட்டேன். "காணாமப் போயிடுச்சு சார்" என்றார்கள் பலர். "தண்ணி தின்னுடுச்சு" என்றான் ஒரு சிறுவன். நான் விடை சொல்லவில்லை. மளிகைக் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்த தராசில் 200 கிராம் தண்ணீரையும் 20 கிராம் உப்பையும் தனித்தனியே நிறுத்து, பிறகு இரண்டையும் கலந்து நிறுத்துப் பார்த்தபோது முள் 220-இல் நின்றது. தின்றுவிட்டதாகச் சொன்ன சிறுவன் எழுந்து வந்து தராசைத் தானே ஒருமுறை சரிபார்த்தான். அந்தக் கரைசலை அகலமான எவர்சில்வர் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி மாடி வெயிலில் வைத்தோம். பள்ளி விடும் நேரத்திற்குள் தண்ணீர் போய்விட்டது, தட்டின் அடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டு நக்கிப் பார்க்க எல்லோரும் முண்டியடித்தார்கள். நம் சமையலறை உப்பு என்பதால் அன்று மட்டும் அனுமதித்தேன்.

வேதியியலின் முதற்பாடம் இதுதான் என்பது என் கருத்து. பொருள்கள் யாவும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆனவை. உப்பு கரையும்போது அதன் துகள்கள் பிரிந்து தண்ணீர்த் துகள்களுக்கு இடையே பரவி நிற்கின்றனவே தவிர, அழிந்துபோவதில்லை. அந்தத் துகள்கள் எவ்வளவு சிறியவை என்று கேட்கும் பிள்ளையிடம், குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் 18 கிராம் தண்ணீர் எடுத்தால் அதிலுள்ள தண்ணீர்த் துகள்களின், அதாவது மூலக்கூறுகளின், எண்ணிக்கையை எழுத 6 போட்டு அதற்குப் பின்னால் 23 சுழியங்கள் இடவேண்டியிருக்கும் என்று சொல்லுங்கள். சுழியங்களைத் தாளில் எழுதிப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி.

இந்தச் சிறு பாடத்தை இவ்வளவு விரித்து எழுதுவதற்கு நம் ஊர்த் தண்ணீரே காரணம். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடியில் இருப்பது கடினப் பாறை. அப்பாறையிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கியிருக்கும்போது, தண்ணீரில் உப்பு கரைந்ததைப் போலவே, ஆனால் மிக மிக மெதுவாக, அந்த ஃபுளோரின் ஃபுளோரைடு என்ற வடிவில் அந்நீரில் கரைந்துவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி ஒரு லிட்டரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் என்பது பத்து இலட்சம் மில்லிகிராம் எடையுள்ளது என்பதைப் பிள்ளைகளுக்குக் கணக்காகப் போட்டுக் காட்டினால், பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுவதே பல்லையும் எலும்பையும் பாதிக்கப் போதும் என்பது அவர்களுக்கு விளங்கும். நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் இந்த அளவைக் கடந்தது. அந்நீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். நிறமில்லை, வாடையில்லை, நாக்குக்கும் வேறுபாடு தெரியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "நாங்க போர் தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கறோம்" என்று அக்கறையுள்ள பல தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். அது நல்ல பழக்கம்தான். ஆனால் மாடி வெயிலில் வைத்த தட்டை நினைத்துப் பாருங்கள்: தண்ணீர்தான் ஆவியாகிப் போனது, உப்பு தட்டிலேயே தங்கியது. கொதிக்கும் பாத்திரத்திலும் அதுவே நடக்கிறது. தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடு அப்படியே தங்கி, மீதமுள்ள நீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியால் வடிகட்டினாலும் நீங்காது, ஏனெனில் கரைந்த துகள் துணியின் கண்ணில் சிக்கும் அளவுக்குப் பெரியதன்று. இதை ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் சொல்லாமல், தட்டில் படிந்த உப்பைப் பார்த்துத் தானே ஊகித்துச் சொன்னபோது நான் அடைந்த மகிழ்ச்சிதான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

ஆகவே குடிப்பதற்கு மட்டுமின்றிச் சோறு வடிக்கவும், குழம்பு வைக்கவும், களி கிண்டவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். காவிரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அனுப்பப்படும் அந்நீர், இந்தக் குறையைப் போக்குவதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் கொண்டுவரப்பட்டது. குழாயில் தண்ணீர் வராத நாள்களில் என்ன செய்வது என்ற உங்கள் கேள்வி நியாயமானது. குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய அளவையேனும் முன்கூட்டியே பிடித்து மூடி வைத்துக்கொண்டு, குளிக்க, துவைக்க, பாத்திரம் துலக்க போர் தண்ணீரைப் பயன்படுத்தலாம். கேழ்வரகை விட்டுவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது; அச்சத்து குடலில் ஃபுளோரைடுடன் சேர்ந்து எளிதில் கரையாத பொருளாக மாறுவதால், உடலுக்குள் ஏறும் ஃபுளோரைடு குறைகிறது.

பல்லில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைகள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்த கறையன்று அது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த வயதிலேயே, ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த நீரால் பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் விழுந்த வடு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவர்களை வீட்டிலோ உறவினர் முன்போ கேலி செய்ய வேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளையை வகுப்பில் பார்ப்பது வேதனையாக இருக்கிறது.

கரைவதைப் புரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு அடுத்து வருவது, ஒரு பொருள் வேறொரு பொருளாகவே மாறுவது. இதற்கு நம் வீட்டு ஆரத்தித் தட்டை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறது அல்லவா? மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள், சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் வேறு வடிவம் கொள்கிறது. புளிக்கரைசலையோ எலுமிச்சைச் சாற்றையோ போதிய அளவு விட்டால் மறுபடியும் மஞ்சளாகிறது. பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம் என்று நாம் படித்த காலத்தில் மனப்பாடம் செய்திருப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன். அந்த அளவுகோல் போதாது. உடைத்த தேங்காய் மீண்டும் ஒட்டாது, ஆனாலும் அங்கே புதுப் பொருள் ஏதும் உண்டாகவில்லை. ஆரத்தி நீரோ புது வடிவம் கொண்ட பின்னும் திரும்பிவிடுகிறது. ஆகவே "திரும்புமா?" என்று கேட்பதைவிட, "புதுப் பொருள் பிறந்ததா?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கி வருகிறோம். இரும்பு துருப்பிடிப்பது, பால் தயிராவது, விறகு கரியாவது என வீட்டில் பார்ப்பதையெல்லாம் இக்கேள்வியால் சோதித்துப் பார்க்கட்டும். விடை தவறாக இருந்தால் உடனே திருத்த வேண்டாம். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

"கெமிக்கல்" என்றாலே நஞ்சு என்ற எண்ணம் வீடுகளில் பரவியிருக்கிறது. தண்ணீரும் வேதிப்பொருளே. கத்தியால் நறுக்கக்கூடிய, தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் சோடியம் என்ற உலோகமும், பச்சை கலந்த மஞ்சள் நிறமுடைய குளோரின் என்ற நச்சு வாயுவும் ஒன்று சேர்ந்து, நாம் நாள்தோறும் உண்ணும் உப்பாகின்றன. எந்தப் பொருள், எவ்வளவு, எதனோடு சேர்கிறது என்பதே நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது.

பிள்ளைகள் வீட்டில் சோதனை செய்ய ஆசைப்படுவார்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், ஆகவே அதன் அருகே விடாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கக்கூடியது; பட்டுவிட்டால் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு வெளிப்படும். மாம்பழ மண்டிப் பக்கம் கிடைக்கும் கார்பைடு கல்லைப் பிள்ளைகள் கையில் கண்டால் வாங்கி வைத்துவிடுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வரும் திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் உங்கள் வீட்டார் குடிக்கும் தண்ணீரை அரை லிட்டர் கொடுத்து அனுப்புங்கள். ஊராட்சியில் உள்ள களநீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டிருக்கிறோம். அதிலுள்ள மருந்தைச் சில சொட்டுகள் விட்டால், ஃபுளோரைடு கூடக் கூட நீரின் நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளை நோக்கி மாறும். பிள்ளைகள் அந்நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் குறித்து, முடிவை உங்களிடமே எழுதிக் கொண்டுவந்து தருவார்கள். குளிர்பானப் புட்டியாக இருந்தால் நன்றாகக் கழுவி, பிடிக்கப்போகும் அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிறகு நிரப்புங்கள். தெருக்குழாயா, போரா, கேன் தண்ணீரா என்பதையும், போர் என்றால் எத்தனை அடி ஆழம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் புட்டியின்மேல் ஒட்டிவிடுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்.