பார்டர் போடும் முன் துணியை நனையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் வீட்டிலேயே மெஷின் எம்ப்ராய்டரி செய்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மேஜை விரிப்பு, தலையணை உறைகளில் பார்டர் போட வாடிக்கையாளர்கள் டிசம்பர் பிறந்ததும்தான் வருகிறார்கள். கையில் கஞ்சிகூடப் போகாத புதுத் துணி. பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், பூ போடும் பாலியஸ்டர் நூல் சுருங்காது; அதனால்தான் பார்டர் நெளிகிறது.

போன வருடம் ஒரு அக்காவின் வெள்ளை விரிப்பில் நாலு பக்கமும் நட்சத்திரமும் இலையுமாகப் போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் நனைக்காமல் விட்டேன். ஒரே சலவையில் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம்போல் நெளிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

தயவுசெய்து துணியை ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு நவம்பரிலேயே கொடுங்கள். மூலையில் பூ பாதியாக வெட்டுப்படாமல் இருக்க அளவெடுக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்தும் பார்க்க வேண்டும். 1820களில் மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த ஊர் இது. இங்கிருந்து போகும் பார்டர் கோணலாக இருக்க எனக்கு மனசு வரவில்லை.

இதை நவம்பருக்குள் வெளியிட்டால் என்னைப் போன்ற தையல்காரப் பெண்களுக்கு உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகி, நாகர்கோவில்