வன்னியில ஏஐ வகுப்பு எடுக்கிற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு எண்டு எங்கட பெடியளுக்கு ஏஐ பழக்கிற அண்ணாமார், அக்காமார், உங்களிட்ட ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். கேள்வி கேக்கப் பழக்க முதல் செற்றிங்ஸைத் திறக்கப் பழக்குங்கோ.

போன காலபோகத்தில ஐயா வயலில இருந்து ரெண்டு நாத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், நுனி மஞ்சளாகுது, என்னெண்டு உன்ர போனில கேள் எண்டார். போனில இருக்கிற சட்ஜிபிரி (ChatGPT) எண்ட ஏஐயிட்டக் கேட்டன். குறுவை எண்டுது, எக்டேருக்கு இவ்வளவு கிலோ எண்டுது, கடைசியா வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போகச் சொல்லிச்சுது. ஐயா சேறு காயாத நாத்தைக் கையில வச்சுக்கொண்டே "இது ஆருக்குச் சொல்லுது?" எண்டார். தமிழில கேட்டா தமிழ்நாடு எண்டு அது தானா நினைக்குது, நாங்கள் ஆரெண்டு நாங்களும் அதுக்குச் சொல்லேல்லையே.

அண்டிரவே செற்றிங்ஸுக்குள்ள, நாங்கள் ஆர், எப்பிடிப் பதில் சொல்லோணும் எண்டு எழுதி வைக்கிற பெட்டியில (Custom instructions) எழுதிப் போட்டன்: "நான் கிளிநொச்சி. இரணைமடுத் தண்ணியில காலபோகம், சிறுபோகம் செய்யிற குடும்பம். ஏக்கர், புசல் கணக்கில சொல்லு. மருந்து அளவு நிச்சயமில்லாட்டி ஊகிக்காத, விவசாயப் போதனாசிரியரிட்டக் கேக்கச் சொல்லு." அடுத்தநாள் அதே கேள்வி. முதல்ல வயல்ல தண்ணி எவ்வளவு நிக்குது, பசளை எப்ப போட்டது எண்டு எங்களிட்டத் திருப்பிக் கேட்டுது, பிறகு நாத்தைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லிச்சுது. ஐயா போனைத் தன்ர கைக்கு வாங்கிட்டார். அதுக்காகச் செற்றிங்ஸ் போட்டா எல்லாம் சரியாச் சொல்லும் எண்டில்லை, பிழை விடும்தான், அதையும் சொல்லிக் குடுங்கோ.

சட்ஜிபிரியில இப்பிடி எழுதி வைக்கிற வசதி 2023 யூலையில வந்தது, அப்ப ஒரு பெட்டிக்கு 1500 எழுத்துத்தான். நாங்கள் ஒரு எழுத்தா வாசிக்கிற "கி"யைக் கொம்பியூட்டர் ரெண்டு குறியா வச்சிருக்கு, அதால தமிழில கெதியா நிரம்பும், சுருக்கி எழுதப் பழக்கோணும்.

இன்னொண்டு, இதை அவசரப்படாமச் சொல்லிக் குடுங்கோ. எங்கட சனம் காணாமப்போன பிள்ளையின்ர பேர், அடையாள அட்டை நம்பர் எல்லாத்தையும் கடிதம் எழுதித் தா எண்டு அதுக்குள்ள கொட்டுது. மெமரி எண்ட ஞாபக வசதியைப் போட்டிருந்தா சிலதை அது பதிஞ்சு வைக்கும், அந்த உரையாடலை அழிச்சாலும் பதிஞ்சது அங்கயே கிடக்கும், மெமரிக்குள்ள போய்த் தனிய அழிக்கோணும். அந்த இடத்தை ஒவ்வொரு பிள்ளையும் தன்ர விரலால தொட்டுப் பாத்திட்டுத்தான் வகுப்பால எழும்போணும்.

மாங்குளத்தில வகுப்பெண்டா சொல்லுங்கோ, ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாறன்.