நிலவேம்பும் சீந்திலும்: ஆய்வு முடிவுகள் மக்கள் முன் வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தாலே, டெங்கு போன்ற காய்ச்சல்களுக்காக நடத்தப்படும் நிலவேம்புக் குடிநீர் முகாம்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. குடிநீர் வழங்குவதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதைக் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆனால், பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில், ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற ஒற்றை வரியோடு நம் ஆய்வுகள் நின்றுவிடுவது எனக்குக் கவலை அளிக்கிறது.

கரோனா காலத்தில் பரவலாக வழங்கப்பட்ட சித்த மருந்தான கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் ஒன்றான சீந்தில் கொடியையே எடுத்துக்கொள்வோம். சீந்தில் சாறு கிருமிகளை விழுங்கி அழிக்கும் உடலின் விழுங்கணுக்களைத் தூண்டுவதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் பல உள்ளன. கரோனா காலத்தில் அது ‘கிலோய்’ என்ற பெயரில் நாடெங்கும் விற்பனையானது. சீந்தில் உட்கொண்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினர். அடுத்த ஆண்டு 13 மருத்துவ மையங்களிலிருந்து திரட்டப்பட்ட 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. அவர்களில் பலரிடம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் அழற்சியின் கூறுகள் காணப்பட்டன. எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது எல்லோருக்கும் நன்மையாகவே முடியும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறோர் இனத்தைச் சீந்தில் என்று தவறாகக் கருதியிருக்கலாம் என ஆயுஷ் அமைச்சகம் அப்போது விளக்கம் அளித்தது. பச்சைக் கொடியில் இரண்டையும் பிரித்தறியலாம்: சீந்தில் தண்டின் மேல்தோல் காகிதம்போல் மெல்லியதாக உரியும், மற்றதன் தண்டு முழுவதும் பருப்பருவாக முடிச்சுகள் இருக்கும். துண்டுதுண்டாக நறுக்கிக் காயவைத்து, மூட்டையாக நாட்டு மருந்துக் கடைக்கு வந்துவிட்டால் வேறுபாடு தெரிவது கடினம். இடித்துச் சூரணமாக்கிய பின் வெறுங்கண்ணால் அறியவே இயலாது. எனவே, எந்தச் செடி என்பதை உறுதிசெய்யாமல் நடக்கும் ஆய்வு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயன் தராது.

நிலவேம்பைப் பொறுத்தவரை தாய்லாந்தின் அனுபவம் நமக்குப் பாடமாகும். அங்கே அதன் சாற்றைக் கரோனா நோயாளிகள் 57 பேரிடம் சோதித்ததில், மருந்து பெற்ற 29 பேரில் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை. பெறாத 28 பேரில் மூவருக்கு வந்தது. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால், புள்ளியியல் கணக்கில் பிழை இருந்ததால் அக்கட்டுரையை ஆய்வாளர்களே 2021-இல் திரும்பப் பெற்றனர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். தவற்றை ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

சோதனைக்கூட உயிரணுக்களில் வைரஸ் பெருகுவது குறைந்தது என்பதும், ஓர் ஊரில் டெங்கு குறைந்தது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு தமிழகத்துக்கு இருப்பதுபோல் வேறெங்கும் இல்லை. சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எங்கள் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவை ஒன்றுசேர்ந்து, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவுசெய்து, குடிநீர் பெறும் ஊர்களையும் பெறாத ஊர்களையும் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒப்பிட்டு, பங்கேற்பவர்களுக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் கல்லீரல் பரிசோதனை செய்து, முடிவு எதுவாயினும் அதைத் தமிழிலும் வெளியிட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை, சீந்தில் சேர்ந்த கபசுரக் குடிநீரை வழங்கும் இடங்களில், கல்லீரல் நோயோ முடக்குவாதம் போன்ற, எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயோ உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, இருந்தால் மருத்துவரைப் பார்த்த பின்னரே குடிக்குமாறு சொல்லி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.